ஆயில் எஞ்சின் தேய்ந்தால்: செப்பனிடுவதா, புதிது போடுவதா?

தாமிரபரணி நதியின் இரு கரைகளிலுமுள்ள நஞ்சை நிலங்கள் அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் நம்பி நிற்பவை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகளும் கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் ஜலத்தைப் பகிர்ந்தளித்து வருகின்றன. ஆயினும் கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களும், முறைத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை நிலங்களும், நாங்குநேரி, இராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்துத் தோட்டங்களும் கிணற்றையே ஆதாரமாகக் கொண்டுள்ளன. கிணற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. அதை மேலே ஏற்றும் சாதனமும் பழுதின்றி இருத்தல் வேண்டும். மின்சார இணைப்புக் கிடைக்காத கிணறுகளில் அவ்வேலையை இன்றும் செய்து வருவது டீசலில் ஓடும் ஆயில் எஞ்சினே.

இந்த எஞ்சின் பெரும்பாலும் பயிர் வாடுங்காலத்தில்தான் நின்று போகிறது. இதற்கு விதியை நொந்து பயனில்லை. அக்காலத்தில்தான் அது இரவும் பகலும் ஓடுகிறது. நெல் பால் பிடிக்கும் தருணத்திலோ, வாழை குலை தள்ளும் தருணத்திலோ எஞ்சின் நின்றுவிட்டால், குடியானவர் முன் இரண்டு யோசனைகள் வைக்கப்படுகின்றன. தேய்ந்த பாகத்தைப் பட்டறையில் கொடுத்துச் செப்பனிட்டுக் கொள்ளலாம் என்பது ஒன்று. அதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கிப் போடலாம் என்பது மற்றொன்று. அவசரத்தில் ஒருவர் விலை குறைந்ததென்று முதலாவதை ஏற்கிறார். மற்றொருவர் தொல்லை விட்டதென்று இரண்டாவதை ஏற்கிறார். இருவரும் கடன் வாங்கியே செலவு செய்கிறார்கள். மறு வருஷம் அதே பாகம் மீண்டும் தேய்ந்தால், கடன் மட்டும் நிற்கும்.

இவ்விஷயத்தில் மூன்று கேள்விகளை, அவற்றிற்குரிய வரிசையில், கேட்டறிவது நலம். முதலாவது, பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? இரண்டாவது, எதனால் தேய்ந்தது? மூன்றாவது, அந்த எஞ்சின் இன்னும் எத்தனை மணி நேரம் ஓட வேண்டியிருக்கிறது? இம்மூன்றிற்கும் விடை தெரிந்தபின் விலையைக் கேட்டால் முடிவு எளிதாகும். விலையை முதலில் கேட்பவருக்கு எந்த முடிவும் சரியாய் அமைவதில்லை.

எஞ்சின் வந்த வரலாறு

ஜெர்மானியராகிய ருடால்ப் டீசல் தமது யந்திரத்திற்கு 1893ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்று, 1897ல் ஆக்ஸ்புர்க் நகரில் அது நன்றாக ஓடுவதை மெய்ப்பித்துக் காட்டினார். சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சினையும் பம்பையும் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறையை, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சோதித்துப் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர். கவலை இறைத்த கிணறுகளில் எஞ்சின் ஏறியது அதன் பின்னரே. 1944ல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் இப்பள்ளத்தாக்கில் மின்சாரப் பம்புகள் பரவ வழி பிறந்தது. எனினும் கம்பி செல்லாத இடங்களில் எஞ்சின் நிலைத்து நின்றது.

இன்று இப்பக்கத்தில் காணப்படும் சிறு எஞ்சின்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பெரிய சக்கரங்களுடன் நிமிஷத்திற்குச் சுமார் 650 சுற்றுகள் சுற்றும் பழைய லிஸ்டர் மாதிரி. மற்றொன்று, நிமிஷத்திற்கு 1,500 சுற்றுகள் சுற்றும் சிறிய மாதிரி. இரண்டாம் வகைக்கு உதாரணமாகக் கிர்லோஸ்கர் கம்பெனியின் ஏ.வி. 1 என்னும் 5 குதிரைச் சக்தி எஞ்சினைக் கூறலாம். அதன் சிலிண்டர் துளை 80 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 110 மில்லிமீட்டர். வேகம் குறைந்த எஞ்சின் மெதுவாகத் தேயும். ஆனால் பாரமும் இரும்பும் அதிகம். வேகம் மிகுந்தது இலேசானது. ஆனால் தூசிக்கும் அழுக்கு எண்ணெய்க்கும் விரைவில் இரையாகும்.

தேய்மானம் செய்யும் தீங்கு

டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் கருவி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் சுமார் பதினாறில் அல்லது பதினேழில் ஒரு பங்கு இடத்தில் அமுக்குகிறது. அவ்வாறு அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட சூடு அடைகிறது. அத்தருணத்தில் நாசில் வழியாக எண்ணெய் மிக நுண்ணிய திவலைகளாகத் தெளிக்கப்படவே, அது தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே எஞ்சினின் உயிர் இரண்டு விஷயங்களில் இருக்கிறது: காற்று கசியாமல் அமுங்க வேண்டும், எண்ணெய் புகையைப்போல் நுண்மையாய்த் தெளிக்கப்பட வேண்டும். சிலிண்டரும் பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் முதலாவதைக் காக்கின்றன. எண்ணெய்ப் பம்பும் நாசிலும் இரண்டாவதைச் செய்கின்றன.

இவற்றுள் எது தளர்ந்தாலும் எஞ்சினின் வேகம் குறையும். வேகம் சிறிதே குறைந்தாலும் தண்ணீர் மிகவும் குறைந்துவிடுவதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். அதன் காரணம் இது. சுழல் பம்பு தண்ணீரை உயர்த்தும் சக்தி, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், தண்ணீர் ஏறக்கூடிய உயரம் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைகிறது. ஆழமான கிணற்றில் இதன் விளைவு பெரிது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் மட்டும் நூலாக வரும்.

ஒரு ஏக்கர் நிலத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கப் பாய்ச்சுவதற்குச் சுமார் 2,05,000 லிட்டர் தேவை. நொடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பு இதனை ஆறு மணிக்குள் முடிக்கும். அதே பம்பு தளர்ந்து நொடிக்கு 6 லிட்டர் தந்தால், ஒன்பதரை மணி ஆகும். அத்தனை மணிக்கும் எண்ணெய் எரியும், யந்திரமும் தேயும். தேய்ந்த பாகத்தைத் தள்ளிப்போட்டு ஓட்டுவது சிக்கனமாகாது என்பது இதனால் விளங்கும்.

எந்தப் பாகம் என்பதை அறிதல்

செலவு செய்யுமுன் நோயுள்ள உறுப்பு இன்னதென்று அறிய வேண்டும். இதற்குப் புகை நல்ல சாட்சியாகும். நீலப் புகை, மசகு எண்ணெய் எரிவதைக் காட்டும். ரிங்குகளோ சிலிண்டரோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை, டீசல் முழுவதும் எரியாததைக் காட்டும். நாசில் கெட்டிருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது எஞ்சினுக்கு மிஞ்சிய பாரம் இருக்கலாம். கிளப்பும்போது வெள்ளைப் புகை வந்து எஞ்சின் பற்றாமல் அடம் பிடித்தால், அமுக்கம் குறைந்திருத்தல் கூடும்.

அமுக்கத்தைக் கையாலேயே சோதிக்கலாம். எஞ்சின் ஓடாதபோது, எண்ணெயை அடைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பினால், அமுக்க நிலையில் அது கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பின்றிச் சுற்றினால் காற்று எங்கோ கசிகிறது. நாசிலைக் கழற்றி, ஒரு கரண்டிக்கு மேற்படாத மசகு எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டு, சக்கரத்தை இரண்டொரு முறை சுற்றி, நாசிலைத் திரும்பவும் மாட்டி மறுபடி திருப்பிப் பார்க்கலாம். இப்போது எதிர்ப்பு மிகுந்தால் குற்றம் ரிங்கிலும் சிலிண்டரிலும் உள்ளது. மாறுதல் இல்லையேல் வால்வையும் ஹெட் கேஸ்கட்டையும் சந்தேகிக்க வேண்டும். இச்சிறு சோதனையைச் செய்யாமல் சிலிண்டருக்குப் பணம் கட்டி, பின்னர் வால்வைத் தேய்த்துச் சரிசெய்ததும் எஞ்சின் ஓடக் கண்டவர்கள் உண்டு.

சிலிண்டரை அளத்தல்

சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய்ப் படலமோ குறைவு. ஆதலால் தேய்மானம் அங்கேயே அதிகம். கிராங்கின் வீச்சு பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் துளை வட்ட வடிவத்தை இழந்து முட்டை வடிவம் கொள்கிறது. எனவே மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறையும், ஆக ஆறு அளவுகள் எடுத்தல் வேண்டும். நல்ல பட்டறைகளில் இதற்கென்று கடிகார முகமுள்ள அளவுகோல் இருக்கிறது. அளவெடுக்காமல் விரலால் தடவிப் பார்த்து முடிவு சொல்லும் பட்டறையை நாடாதிருப்பது நன்று.

அக்கருவி இல்லாத ஊரிலும் ஒரு வழி உண்டு. புதிய ரிங் ஒன்றைச் சிலிண்டரின் தேயாத அடிப்பகுதியில் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக நிறுத்தி, அதன் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள சந்தைத் தகட்டு அளவியால் அளக்க வேண்டும். பின்பு அதே ரிங்கை மேல் பகுதியில் வைத்து அளக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் துளையின் விட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது தெரியும். அடியில் 0.30 மில்லிமீட்டரும் மேலே 0.93 மில்லிமீட்டரும் இருப்பின், வித்தியாசம் 0.63, தேய்மானம் சுமார் 0.20 மில்லிமீட்டர். இதனைத் தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தில் கண்ட எல்லையோடு ஒப்பிட வேண்டும். எல்லைக்குள் இருந்தால் ரிங்குகளை மட்டும் மாற்றினால் போதும். எல்லையைக் கடந்திருந்தால் ரிங் மாற்றுவது வீண். முட்டை வடிவத் துளையில் வட்ட ரிங் ஒட்டாது.

எல்லை கடந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடுவதைப் பட்டறைக்காரர்கள் ரீபோர் என்பர். பெரிய பிஸ்டன்கள் சாதாரணமாய் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்னும் படிகளில் கிடைக்கின்றன. இங்கே ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. 0.20 மில்லிமீட்டர் தேய்ந்த சிலிண்டருக்கு 0.25 படி போதும் என்று தோன்றும். ஆனால் தேய்மானம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்து, பழைய மையத்தை மாற்றாமல் கடைய வேண்டுமானால், விட்டத்தில் 0.40 எடுத்தால்தான் அந்தப் பள்ளம் மறையும். அப்போது 0.50 படியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிஸ்டனை வாங்கி, அதை அளந்த பிறகே சிலிண்டரைக் கடைய வேண்டுமேயன்றி, கடைந்த பிறகு பிஸ்டன் தேடலாகாது.

சிலிண்டர் பெரிதாகப் பெரிதாக அதன் சுவர் மெலிகிறது. ஆதலால் கடைசிப் படியை எட்டிய சிலிண்டருக்கு மறுபடி ரீபோர் இல்லை. கழற்றி மாற்றக்கூடிய லைனர் உள்ள எஞ்சின்களில் புதிய லைனர் போடுவதே பல சமயங்களில் நேர்வழி. பட்டறைக்குச் சிலிண்டரைச் சுமக்கும் கூலியும் நாளும் மிச்சமாகும். லைனரின் வெளிப்புறத்தைத் தண்ணீர் சூழ்ந்திருக்குமானால் அப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே அரிப்பு விழுந்து குழிகள் ஆழ்ந்திருந்தால், உட்புறத்தை எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் பயனில்லை. விரிசல் கண்ட லைனரைச் சந்தேகமின்றிக் கழித்துவிட வேண்டும்.

கிராங்கு, ஹெட், நாசில்

தேய்மானமும் விரிசலும் வெவ்வேறு வியாதிகள். தேய்ந்ததைச் செப்பனிடலாம்; பாரம் தாங்கும் பாகத்தில் விரிசல் கண்டால் மாற்றவே வேண்டும். கிராங்கு விஷயத்தில் இவ்வேறுபாடு உயிர்நாடியானது. கிராங்கின் கழுத்துகள் கோடு விழுந்தோ வட்டம் கெட்டோ இருந்தால், அவற்றைச் சாணை பிடித்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் சிறிய பேரிங்குகளைப் போட்டால் நெடுநாள் உழைக்கும். ஆயின் சாணை பிடிப்பவர் கழுத்தின் ஓரத்திலுள்ள வளைவை முன்போலவே விட வேண்டும். அவ்விடம் கூர் மூலையாய் அமைந்துவிட்டால் அழுத்தம் அங்கே குவிந்து, சில மாதங்களில் கிராங்கு முறியும்.

விரிசலைக் காண ஒரு பழைய முறை உண்டு. கிராங்கை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, உலரத் துடைத்து, சுண்ணாம்புத் தூளைப் பூச வேண்டும். விரிசலுக்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெண்மையில் கறுங்கோடு ஒன்றைக் காட்டும். காந்தப் பொடியால் சோதிக்கும் வசதி கிடைக்குமாயின் அது மேலும் நம்பத்தக்கது. முறிந்த கிராங்கை வெல்டிங் வைத்துத் தருவதாகக் கூறுவோரை நம்பலாகாது. ஓடும்போது மறுபடி முறிந்தால் கிராங்கோடு நில்லாது, சிலிண்டரும் அடிப்பெட்டியும் உடையும்; பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. கனெக்டிங் ராடின் போல்ட்டுகளை எஞ்சின் முழுவதும் பிரிக்கும் ஒவ்வொரு சமயத்திலும் புதிதாக மாற்றுவது அற்பச் செலவில் பெருநஷ்டத்தைத் தடுக்கும்.

ஹெட்டில் வால்வு இருக்கைகள் குழிந்திருந்தால் அரைத்துச் சரி செய்யலாம். இருக்கை வளையங்களை மாற்றவும் கூடும். வளைந்த முகத்தை மட்டம் பார்த்துச் சீவலாம். ஆனால் கைப்புத்தகம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் சீவினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். இரு வால்வுகளின் நடுவே விரிசல் கண்ட ஹெட் பெரும்பாலும் மாற்றுதற்குரியது.

எண்ணெய்ப் பம்பின் எலிமென்ட் என்னும் உருளையும் குழலும், நாசிலும் அதன் ஊசியும் தனிவகையைச் சேர்ந்தவை. இவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளியோடு, ஜோடி ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. மனிதத் தலைமயிரின் பருமன் அதைப்போல் பல பத்து மடங்கு. ஒரு ஜோடியில் பாதியை மட்டும் மாற்றுவது கூடாது. கிராமப் பட்டறையில் தேய்த்துச் சரிசெய்யவும் இயலாது. நாசிலைக் கழுவிப் புகைக்கரி நீக்கி, சோதனைப் பம்பில் வைத்து, கைப்புத்தகம் கூறும் அழுத்தத்தில் எண்ணெய் சொட்டாமல் பனிபோல் தெளிக்கிறதா என்று பார்க்கலாம். சிறு எஞ்சின்கள் பலவற்றில் இவ்வழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம். அத்தெளிப்பின் முன் கையை நீட்டுவது கூடாது. அது தோலைத் துளைத்து இரத்தத்தில் கலக்கும். கழுவியும் சொட்டு நிற்காவிடில் புதிது போடுவது ஒன்றே வழி.

தேய்மானத்தின் காரணம்

காரணத்தைக் களையாமல் போட்ட புதுப் பாகம், பழையது தேய்ந்த வேகத்திலேயே தேயும். இப்பக்கத்தில் அடிக்கடி காணப்படும் காரணங்கள் சில.

முதலாவது தூசி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செந்நிறத் தேரி மணல் காற்று காலத்தில் எங்கும் பறக்கிறது. மணலின் கடினம் சிலிண்டர் இரும்பினும் மிகுதி. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டப்படும் எஞ்சினில் அது காற்றோடு உள்ளே சென்று, எண்ணெயுடன் கலந்து, சாணைக்கல்லைப் போல் வேலை செய்கிறது. எண்ணெய்த் தொட்டியுள்ள வடிகட்டியாயின் அத்தொட்டியைக் காற்று காலத்தில் தினந்தோறும் பார்த்து, சேறு படிந்ததும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சிய குளிர்ச்சி. பம்பிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு கிளையைத் திருப்பி எஞ்சினைக் குளிர்விப்பது இங்கே வழக்கம். எஞ்சின் தொட்டால் குளிர்ந்திருப்பதை நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. சிலிண்டர் சுவர் மிகவும் குளிர்ந்திருந்தால், எரிந்த வாயுவிலுள்ள ஈரமும் கந்தகமும் அமிலமாகப் படிந்து இரும்பை அரிக்கும், டீசலும் வீணாகும். குழாயிலுள்ள திருகைச் சிறிது மூடி, வெளியேறும் தண்ணீர் சுமார் 60 அல்லது 70 டிகிரி சூட்டில் இருக்கும்படி செய்ய வேண்டும். கையை அதில் ஓரிரு நொடிக்குமேல் வைக்க முடியாத சூடு என்று இதனை அறியலாம். கடலோரக் கிணறுகளின் உப்பு நீரும், சுண்ணாம்பு மிகுந்த நீரும் சிலிண்டரைச் சுற்றிய அறைகளில் படிந்து ஓரிடத்தைச் சுடவும் ஓரிடத்தை அரிக்கவும் செய்யும். அத்தகைய இடங்களில் தொட்டி வைத்து நல்ல தண்ணீரைச் சுழலவிடுவது உசிதம்.

மூன்றாவது, மசகு எண்ணெயைக் குறித்த மணிக்கு மாற்றாமை. நான்காவது, எஞ்சினுக்குப் பொருந்தாத பெரிய பம்பை மாட்டுதல். கிணற்றின் நீர்மட்டம் தாழத் தாழப் பாரம் கூடுவதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்

2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் நீரால் சூழப்பட்டன. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினைத் தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு சுழற்றிப் பார்ப்பது பெருந்தவறு. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கையில் எஞ்சின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் நாசிலைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அடிப்பெட்டி எண்ணெயையும் தொட்டி டீசலையும் முழுவதும் கொட்டி, டீசலால் கழுவி, புது எண்ணெய் நிரப்ப வேண்டும்.

இதில் காலமே பிரதானம். ஓரிரு தினங்களில் பிரித்துக் கழுவப்பட்ட எஞ்சினின் பாகங்களிற் பெரும்பாலானவை பிழைக்கும். வாரக் கணக்கில் சேற்றில் கிடந்ததில் ரிங்குகள் துருவால் ஒட்டிக் கொள்ளும். பேரிங்குகளில் குழி விழும். எலிமென்டும் நாசிலும் மாற்றுதற்குரியவையாகும். அப்போதும் கிராங்கும் அடிப்பெட்டியும் சக்கரமும் காப்பாற்றத்தக்கவையாக இருக்கலாம். எஞ்சின் முழுவதையும் பழைய இரும்பு விலைக்கு விற்குமுன் அவற்றை அளந்து பார்த்தல் அவசியம்.

கணக்கு

இனிப் பணக் கணக்கு. கீழ்க்கண்ட தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும் கொள்ளப்பட்டவை. அவரவர் தம் ஊர் விலையை இட்டுப் பார்க்க வேண்டும்.

ரீபோரும் பெரிய பிஸ்டனும் சேர்ந்து 5,000 ரூபாய், அது 1,500 மணி உழைக்கும் என்போம். புதிய லைனரும் பிஸ்டனும் 8,000 ரூபாய், அவை 3,000 மணி உழைக்கும் என்போம். முதலாவதில் மணிக்கு 3 ரூபாய் 33 காசும், இரண்டாவதில் 2 ரூபாய் 67 காசும் விழுகின்றன. வருஷத்திற்கு 600 மணி எஞ்சினை ஓட்டி, இன்னும் ஐந்து வருஷம் அதையே நம்பியிருக்கும் குடியானவருக்குப் புதிதே மலிவு.

வேறொருவர் வருஷத்திற்கு 200 மணியே ஓட்டுகிறார். இரண்டு வருஷத்தில் மின்சார இணைப்புக் கிடைக்கும் என்றிருக்கிறார். அவருக்குத் தேவை 400 மணி மட்டுமே. அவருக்கு முதலாவது மணிக்கு 12 ரூபாய் 50 காசும், இரண்டாவது 20 ரூபாயும் ஆகும். ஆகவே அவருக்குச் செப்பனிடுவதே மலிவு. ஒரே பாகம், ஒரே விலை; முடிவு மட்டும் வேறு. பக்கத்துத் தோட்டக்காரர் செய்ததைப் பார்த்துச் செய்வது ஏன் கூடாதென்பது இதனால் புலனாகும்.

தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. நல்ல நிலையிலுள்ள 5 குதிரைச் சக்தி எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட டீசலை எரிக்கும். தேய்ந்த எஞ்சின் மணிக்கு 0.2 லிட்டர் கூடுதலாக எரித்தால், 600 மணியில் 120 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் 10,800 ரூபாய் புகையாய்ப் போகிறது. இத்தொகை மேற்சொன்ன இரண்டு செலவுகளையும்விட அதிகம். இதனோடு, தண்ணீர் தவறிய தினங்களால் விளைச்சலில் குறையும் மூட்டைகளையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் கேட்பவருக்கும் இக்கணக்கு உதவும். பாகம் உழைக்கும் காலத்தைவிடக் கடன் தவணை நீண்டதாய் இருக்கலாகாது. 1,500 மணி உழைக்கும் ரீபோருக்கு, அம்மணிகள் முடிந்த பிறகும் தவணை கட்டிக் கொண்டிருப்பவர், அடுத்த பழுதுக்கு மீண்டும் வெளியில் வட்டிக்கு வாங்க நேரும். சிலிண்டர், கிராங்கு, ஹெட், எண்ணெய்ப் பம்பு ஆகிய நான்கும் ஒருங்கே கெட்டு, செப்பனிடும் செலவு புது எஞ்சின் விலையில் பாதியை நெருங்கினால், எஞ்சினையே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அச்சமயம் மின்சாரம், சூரிய சக்திப் பம்பு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம். ஆதலால் இணைப்புக் கிடைக்கும் காலத்தைத் தீர விசாரித்து அறிவது முதற்காரியம்.

பட்டறையில் கவனிக்க வேண்டுவன

வேலை தொடங்குமுன் செலவுத் திட்டத்தை எழுத்தில் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகங்கள் யாவற்றையும் திருப்பித் தருமாறு கேட்க வேண்டும். கடைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அந்தச் சீட்டிலேயே குறிக்கச் செய்ய வேண்டும். உதிரி பாகங்களை ரசீதோடு வாங்க வேண்டும். மலிவான போலிச் சாமான்களில் இரும்பின் தரம் கண்ணுக்குத் தெரியாது.

புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று படியும்வரை, முதல் சில மணிகளுக்கு எஞ்சினைக் குறைந்த பாரத்தில் ஓட்டி, பின்னர் பாரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். அப்பொழுது உதிரும் இரும்புத் துகள் எண்ணெயில் சேருவதால், முதல் எண்ணெயைக் கைப்புத்தகம் குறித்த காலத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

எஞ்சின் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் தொங்கட்டும். ஓடிய மணி, ஊற்றிய டீசல், மாற்றிய எண்ணெய், போட்ட பாகம், அதன் அளவு, கொடுத்த ரூபாய் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வந்தால், மணிக்கு எரியும் எண்ணெய் கூடத் தொடங்கும் மாதமே தேய்மானம் தெரிந்துவிடும். கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்று விடுமுன், அல்லது பிசானம் முடிந்த ஓய்வில், பட்டறையில் கூட்டமில்லாத தினங்களில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாம். அக்காலத்தில் விலை பேசவும், அளவெடுக்கவும், இரண்டு பட்டறைகளை விசாரிக்கவும் அவகாசம் உண்டு. பயிர் வாடி நிற்கையில் எடுக்கும் முடிவு அவசரத்தின் முடிவாகவே இருக்கும். அளவும் கணக்கும் கையிலிருக்க எடுக்கும் முடிவு, செப்பனிடுவதாயினும் புதிது போடுவதாயினும், குடியானவருடைய முடிவாக இருக்கும்.